பெட்டி எண் பதினான்கு

எழுத்துக் கூட்டி வாசித்தால் ஒரு பெயர்,
ஊர்க்காரர் வாயில் இன்னொரு பெயர்.
கீத்லி என்று சொல்லிப் பழக
எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது.

நாலாம் வகுப்பு. இருபத்தொன்பது பிள்ளைகள்.
அருங்காட்சியகம் மேட்டுக்கு அந்தப் பக்கம்.
பஸ் வாடகை நானூற்று இருபது பவுண்டு.
தலைமையாசிரியை கணக்கைப் பார்த்தார்,
யன்னலைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.
ஆகவே இந்த முறையும் அருங்காட்சியகமே
ஒரு செவ்வாய்க்கிழமை மழையில்
நீலமூடிப் பெட்டியாக வந்திறங்கியது.
இரண்டு கிழமைக் கடன். வட்டி கிடையாது.
கையெழுத்துப் போதும்.

உள்ளே
துவைபலகை ஒன்று, நகல்.
கார்பாலிக் சோப்பு, அதுவும் நகல்,
வாசனை மட்டும் அசல்.
அடியில் பழந்துணியில் சுற்றி
மரத்தாலான குதியோடு
ஒற்றைக் குழந்தைச் சப்பாத்து.
அட்டையில் சிவப்பு மை: இது உண்மையானது.

என் கையளவுகூட இல்லை.
"குதிரைக்குப் போல லாடம்!" என்றான் ஷாஹ்மீர்.
கல்தெருவில் உரசினால் பொறி பறக்கும்
என்று அட்டை சொன்னதுதான் தாமதம்,
பாதி வகுப்பு எழுந்து
தன் சப்பாத்தைத் தரையில் தேய்த்தது.
ரப்பர் கீச்சிட்டது.
பொறி வரவில்லை.

அரைநாள் ஆலை, அரைநாள் பள்ளி
என்று வாசித்தேன்.
"எந்த அரைநாளில் தூங்கினார்கள்?"
ராட்கா கேட்டாள்.
ஆசிரியர் கையேட்டைப் புரட்டினேன்.
இருபத்தாறு பக்கம்:
பாடத்திட்ட இலக்கு, பயிற்சித்தாள்,
விரலில் சிலாம்பு ஏறினால் யாருக்கு அறிவிப்பது.
தூக்கம் பற்றி ஒன்றுமில்லை.
தெரியாது என்று பலகையில் எழுதி
அடிக்கோடிட்டேன்.

திருப்பி அனுப்பும் நாள்.
பட்டியலின் கடைசி வரி:
லாட ஆணிகள், ஏழு.
ராட்கா எண்ணினாள். ஆறு.
ஷாஹ்மீர் எண்ணினான். ஆறு.
ஏழாவது இருக்கவேண்டிய இடத்தில்
எறும்புக்கு வீடு போல ஒரு துளை.

கம்பளத்தில் முழந்தாளிட்டுத் தேடினேன்.
குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன்.
பிறகு பைகள்.
எல்லோருடைய பையையும் ஒரு தடவை,
டொமினிக்கின் பையை இரண்டு தடவை.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பென்சில் பெட்டியைத் தானே திறந்து காட்டினான்.
அன்றிரவு சோறு பிசைகையில்
என் விரல்கள் எனக்குக் கூசின.

காலையில் தொலைபேசி.
திருமதி பாரக்ளஃப் நிதானமாகக் கேட்டார்.
பதிவேட்டைப் புரட்டும் சத்தம்.
"நான் இங்கே வந்து பதினொரு வருடம்.
அன்றைக்கே ஆறுதான், மிஸ்.
பட்டியலை யாரோ பழையதிலிருந்து பார்த்தெழுதியது.
எல்லாப் பள்ளியும் ஏழு என்று சரி போட்டு அனுப்பும்.
எண்ணிப் பார்த்தது உங்கள் வகுப்புத்தான்."
சற்றுப் பொறுத்து,
சிரிப்பை அடக்கிக்கொண்டு:
"போன வருடம் நீங்களும்
ஏழு என்றே சரி போட்டிருக்கிறீர்கள்."

வகுப்பின் முன்னால் சொன்னேன்.
எண்ணாமல் கையெழுத்திட்டவள் நான் என்று.
டொமினிக்கிடம் தனியாகப் போய்
மன்னிப்புக் கேட்டேன்.
தோளைக் குலுக்கினான்.
பரவாயில்லை என்று சொல்லவில்லை.
சொல்லவேண்டிய கட்டாயமும் அவனுக்கில்லை.

பேனாவை மட்டும் வாங்கினான்.
ஏழை வெட்டி ஆறு என்று எழுதினான்,
தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி.
பிறகு சப்பாத்தைத் திருப்பிப் பிடித்து
துளையில் சுண்டுவிரல் நுனியை வைத்து
என்னிடம் அல்ல, அதனிடம்போலக் கேட்டான்:
"இது நடக்கும்போதே விழுந்திருந்தால்
அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்குமா,
ஒரு கால் மட்டும்
சத்தம் மாறி?"

வெளியே வண்டிக்காரர் ஹோர்ன் அடித்தார்.
பெட்டியை மூட
ஒருவருக்கும் கை வரவில்லை.